மெலாமெட் வீட்டு அறை

யூதக் குழந்தைகள் வேதம் படிக்கப் போகும் ஆரம்பப் பள்ளிக்கு ஹீப்ருவில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று ‘ஹெடர்’, இன்னொன்று ‘தல்மூத் தோரா’. படிக்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், யார் பணம் கட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் என்று பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

ஹெடர் என்றால் அறை. பழைய கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்களில் அது நிஜமாகவே ஓர் அறைதான், அதுவும் பல நேரம் ஆசிரியர் குடியிருந்த அறை. ஒரு பக்கம் அடுப்பில் மனைவி சமைத்துக்கொண்டிருப்பார். மறுபக்கம் நீள மேசையைச் சுற்றிப் பையன்கள் தொண்டை கிழியக் கத்திப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியருக்கு ‘மெலாமெட்’ என்று பெயர். பெற்றோர் தரும் கட்டணம்தான் அவருடைய பிழைப்பு. ஆண்டுக்கு இரண்டு பருவம். ஒவ்வொரு பருவம் பிறக்கும் முன்னும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். வேதம் சொல்லிக்கொடுப்பது புனிதம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மெலாமெட்டை மட்டும், வேறு தொழில் எதுவும் வாய்க்காதவர் என்றுதான் ஊர் பார்த்தது. கட்டணம் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் சமூகமே நிதி திரட்டி நடத்திய பள்ளி தல்மூத் தோரா. வசதியுள்ளவர் தன் மகனை அங்கே அனுப்ப மாட்டார்.

மூன்று வயதில் தொடக்கம். அப்பா பிள்ளையைத் தன் தொழுகைச் சால்வையில் போர்த்தித் தூக்கிக்கொண்டு போவார். எழுத்துப் பலகையில் தேன் தடவி நக்கச் சொல்வார்கள். புத்தகத்தின் மேல் திடீரென்று ஒரு காசு வந்து விழும். நன்றாகப் படித்தாய், அதனால் தேவதை போட்டது என்பார்கள். போட்டது பின்னால் நிற்கும் பெரியவர்தான்.

எழுத்துக்குப் பின் ஜெபப் புத்தகம். ஐந்து வயதில் மோசேயின் ஐந்து நூல்கள். உலகம் படைக்கப்பட்ட கதையில் ஆரம்பிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. பலிகளின் விதிமுறைகளைச் சொல்லும் லேவியராகமத்தில் ஆரம்பிப்பது பழைய வழக்கம். குழந்தைகள் தூய்மையானவர்கள், பலிகளும் தூய்மையானவை. தூயவர்கள் தூயதைப் படிக்கட்டும் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அழகான காரணம்தான். ஆனால் எந்த விலங்கின் கொழுப்பை எப்படி எரிப்பது என்பதை ஐந்து வயதுப் பையன் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

படிக்கும் முறை இது: ஹீப்ருச் சொல் ஒன்று, உடனே அதன் பொருள் வீட்டில் பேசும் யித்திஷில், அடுத்த சொல், அதன் பொருள். ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பிறகு 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் உரை. அது தனி வகை எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆகவே அதற்கும் கண்ணைப் பழக்க வேண்டும். கெட்டிக்காரப் பையன்கள் எட்டு, பத்து வயதிலேயே யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் வாதங்களுக்குள் போய்விடுவார்கள். ஏமனில் கதை வேறு. அங்கே புத்தகத்துக்குப் பஞ்சம். ஒரே பிரதியைச் சுற்றி உட்கார்ந்து படித்ததால், அங்கே பலருக்கு எழுத்தைத் தலைகீழாக வைத்தாலும் சரளமாக வாசிக்க வரும்.

இந்த ஏற்பாட்டின் வேர் மிகப் பழையது. தல்மூதே அதைச் சொல்கிறது. முதலில் தகப்பன்தான் மகனுக்குக் கற்பித்தான். தகப்பன் இல்லாதவன் கல்லாமலே போனான். எருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். அங்கும் அழைத்துப்போக அப்பா வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு வட்டாரத்திலும் வைத்து, 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். வாத்தியார் கோபித்தால் பையன் முறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். கடைசியில், முதல் நூற்றாண்டில் தலைமைக் குருவாக இருந்த யெஹோஷுவா பென் கம்லா, ஊருக்கு ஊர் ஆசிரியர் வேண்டும், ஆறேழு வயதிலேயே சேர்க்க வேண்டும் என்று விதித்தார். அதே இடத்தில் கணக்கும் இருக்கிறது: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள்.

நடைமுறை அத்தனை சீராக இல்லை. காலையிலிருந்து இருட்டும்வரை வகுப்பு. மெலாமெட் கையில் தோல்சாட்டை. 19-ஆம் நூற்றாண்டின் யூத மறுமலர்ச்சிக்காரர்கள் ஹெடரைக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார்கள். அந்த நூற்றாண்டின் முடிவில் ‘சீர்திருத்திய ஹெடர்’ வந்தது. அதில் ஹீப்ருவை ஹீப்ருவிலேயே கற்பித்தார்கள். 1920-களில் சோவியத் அரசு ஹெடர்களை மூடியது. சில இடங்களில் ரகசியமாக நடந்தன.

இன்று பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பையும் ஹெடர் என்றே சொல்கிறார்கள். இஸ்ரேலின் தீவிர ஆசாரப் பிரிவினரிடையே பையன்களின் முழுநேர ஆரம்பப் பள்ளிக்கே தல்மூத் தோரா என்று பெயர். ஏழைப் பள்ளி என்ற பழைய வாடை போயே போய்விட்டது. கணக்கும் ஆங்கிலமும் அங்கே எவ்வளவு கற்பிக்க வேண்டும் என்பதில் அரசுக்கும் அவர்களுக்கும் ஓயாத இழுபறி. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தனி. கிராக்கோவில் 1917-இல் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் தொடங்கிய பெய்த் யாக்கோவ் பள்ளியின் வழி வந்தவை அவற்றில் பல. அண்ணன் தல்மூதில் மூழ்கியிருக்க, கணக்கையும் ஆங்கிலத்தையும் அவனைவிட அதிகம் படிப்பது தங்கைதான். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் படிப்பைத் தொடர்ந்தால், வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குவதும் பெரும்பாலும் அவள்தான்.