தர மறுத்த கோப்புகள்

1968 ஆகஸ்டில், நியூ ஜெர்சியின் தலைநகரான டிரென்டனில் ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காசோலை வரத் தொடங்கியது. வீட்டு ஆண் வேலைக்குப் போனாலும் வரும், போகாவிட்டாலும் வரும். சம்பாத்தியம் கூடினால் தொகை ஒரு விகிதப்படி குறையும், அவ்வளவுதான். பதிலுக்குக் குடும்பம் நான்கு வாரத்துக்கு ஒரு முறை வருமானக் கணக்கு காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீடு தேடி வருபவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்னது எதுவும் வெளியே போகாது என்று உறுதி தரப்பட்டிருந்தது.

நிபந்தனையில்லாமல் பணம் கிடைத்தால் ஆட்கள் வேலையை விட்டுவிடுவார்களா என்பதுதான் கேள்வி. அதை வாதாடித் தீர்க்காமல் செய்தே பார்த்துவிடலாம் என்று சொன்னவர் ஹெதர் ராஸ், எம்.ஐ.டி.யில் பொருளாதார ஆராய்ச்சி மாணவி. வறுமை ஒழிப்புக்காக ஜான்சன் அரசு அமைத்த அலுவலகம் பணம் தந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வறுமை ஆய்வு நிறுவனம் துணை நின்றது. களத்தில் இறங்கி நடத்தியது பிரின்ஸ்டனைச் சேர்ந்த மேத்தமேட்டிகா என்ற தனியார் கன்சல்டிங் நிறுவனம். பேட்டர்சன், பஸ்ஸாயிக், ஜெர்சி சிட்டி, பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் என்று விரிந்து, மொத்தம் 1,357 குடும்பங்கள் சேர்ந்தன. ஆண்களின் வேலைநேரம் சிறிதளவே குறைந்தது என்பது பின்னால் வந்த முடிவு.

அந்த முடிவைவிட, நடுவில் வந்த ஒரு சிக்கலைத்தான் திட்டங்களை மதிப்பிடும் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். 1969 ஜனவரியில் நியூ ஜெர்சி அரசு, தாய் தந்தை இருவரும் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கும் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. சில குடும்பங்கள் இரண்டு பக்கமும் வாங்கின. மோசடி என்று சந்தேகித்த மெர்சர் கவுன்ட்டி அரசு வழக்கறிஞர், குடும்பங்களின் கோப்புகளைக் கேட்டு மேத்தமேட்டிகாவுக்குச் சம்மன் அனுப்பினார். ஆய்வை நடத்திய டேவிட் கெர்ஷா தர்மசங்கடத்தில் மாட்டினார். கோப்பைக் கொடுத்தால் கொடுத்த வாக்கு போகும். நாளைக்கு எந்த வீடும் கதவைத் திறக்காது. மறுத்தால் சட்டத்தோடு மோதல். கடைசியில், கூடுதலாகப் போன உதவித்தொகையை நிறுவனமே கவுன்ட்டிக்குத் திருப்பிக் கட்டும் என்று ஏற்பாடாகி விவகாரம் முடிந்தது. அமெரிக்க செனட்டின் நிதிக் குழுவும் குடும்ப விவரங்களைக் கேட்டது; அங்கேயும் நிறுவனம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு கம்பெனி தானே பணம் கட்டி வாக்கைக் காப்பாற்றியது என்பது சாதாரண விஷயமில்லை. நாளைக்கும் தொழில் நடக்க வேண்டுமே என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருந்தால் என்ன? தொழிலும் நேர்மையும் ஒரே திசையில் நிற்கும்படி நிறுவனத்தை அமைத்துக்கொள்வதுதான் சாமர்த்தியம். மேத்தமேட்டிகா இன்று பணியாளர்களே சொந்தக்காரர்களாக உள்ள நிறுவனம்.

திட்டங்களை மதிப்பிடும் வேலை நமக்குப் புதிதல்ல. திட்டக் குழுவின் கீழ் இந்தியா இதற்கென்று தனி அமைப்பை நிறுவியது 1952இல், டிரென்டனுக்கு 16 ஆண்டுகள் முன்பு. ஆனால் அது அரசு வேலையாகவே இருந்தது. அமெரிக்காவில் அது கடைவிரித்துச் செய்யும் தொழிலாக வளர்ந்தது. 1986இல் இரண்டு சங்கங்கள் இணைந்து அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கம் பிறந்தது. தனியாகத் தொழில் நடத்தும் ஆலோசகர்களுக்கென்று அதில் ஒரு பிரிவே இருக்கிறது. டெக்சாஸில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளுக்கு ஏஸ் திட்டத்தில் மானியம் வாங்கும் பள்ளி மாவட்டங்கள் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்த வேண்டும். வீட்டு மேசையில் லேப்டாப்போடு ஒரு எல்எல்சி நடத்துபவருக்குக்கூட அது வாய்ப்பு. எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அந்த வாசல் எளிதில் திறக்காது; கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் தடையில்லாமல் சொந்தக் கடை.

அந்த வாய்ப்புக்குள்தான் முள்ளும் இருக்கிறது. யாருடைய திட்டத்தை எடைபோடுகிறோமோ, காசோலையில் கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் அவரே. அடுத்த ஆண்டு மானியம் அவருக்கு வேண்டும். அடுத்த ஆண்டு வேலை நமக்கு வேண்டும். யாரும் பொய் எழுதச் சொல்லமாட்டார்கள். ‘இந்த அட்டவணையைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிடலாமே’ என்பார்கள்.

இதைப் பேச இது சரியான நேரம். 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவில் கிட்டத்தட்ட 90 காண்ட்ராக்ட்கள் ஒரே வீச்சில் ரத்தாயின. சில நாளில் வட்டாரக் கல்வி ஆய்வு மையங்களின் காண்ட்ராக்ட்களும் போயின. மேற்குப் பகுதி மையத்தைச் சான்பிரான்சிஸ்கோவின் வெஸ்ட்எட் நடத்திவந்தது. யுஎஸ்எய்ட் மூடப்பட்டதில் வெளிநாட்டுத் திட்டங்களை மதிப்பிட்டுவந்தவர்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. இருபது வருட அனுபவத்தோடு வெளியே வந்து நிற்பவர்களுக்குச் சொந்த கன்சல்டிங்தான் முதலில் தோன்றும் வழி. வருமான வரிக்கு மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம், மருத்துவக் காப்பீடு சொந்தச் செலவில். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

வேலை கைக்கு வந்த மகிழ்ச்சியில் பலரும் பேசாமல் விடுவது காண்ட்ராக்ட்டின் பின்பக்கங்களை. தகவல் யாருக்குச் சொந்தம், பெயரோடு உள்ள கோப்புகளை யார் பார்க்கலாம், சம்மன் வந்தால் யார் வழக்கறிஞர் வைப்பது என்பதெல்லாம் முதல் பேட்டிக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். வரைவறிக்கையில் வாடிக்கையாளர் தகவல் பிழையைத் திருத்தலாம், முடிவைத் திருத்தக் கூடாது என்று ஒரு வரி வேண்டும். கடைசித் தவணையை ‘அறிக்கை திருப்தியாக இருந்தால்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ‘அறிக்கை ஒப்படைத்த 30 நாளில்’ என்று மாற்றிக் கையெழுத்துப் போடுங்கள்.