வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற தக்காளி எது?

விதை வாங்கச் செல்வோர் பலர், உறையின்மீது அச்சிட்ட படத்தின் அழகைக் கண்டே தக்காளி இனத்தைத் தெரிந்தெடுக்கின்றனர். அவ்வினம் நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் உரியதுதானா என வினவுவோர் சிலரே. மூன்று மாத உழைப்பின் பயனோ அந்த ஒரு வினாவையே பொறுத்துள்ளது.

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. மிகுந்த வெப்பம் அதற்கு ஆகாது. பகலில் வெயில் கடுமையாகி இரவும் குளிராதிருப்பின், பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடும். ஆதலின் யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் கார்த்திகையில் நாற்றுமேடை இட்டு, மார்கழியில் கன்றுகளைப் பெயர்த்து நடுவது நன்று. தை மாதத்துக் குளிர்ந்த இரவுகளில் செடி பூத்துக் காய்க்கும்.

இனி, இனங்களைக் காண்போம். உலகெங்கும் புகழ்பெற்ற மார்குளோப், 1925 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தார் வெளியிட்டது. உருண்டு திரண்ட கனி. பச்சையாக உண்ணவும் கறிக்கும் ஏற்றது. காய் பிடித்ததும் கிளைகள் சாயுமாதலால் ஊன்றுகோல் நாட்டுதல் வேண்டும். ரோமா என்பது நீண்ட கனி. சதை தடித்தது, சாறும் விதையும் குறைந்தது. சட்னிக்கும் யாமுக்கும் இதனினும் சிறந்தது அரிது. செடி குறுகி வளர்வதால் சிறிய பாத்திக்கும் பொருந்தும்.

நம் நாட்டு விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்த திலின, ரி-245 ஆகியவை நம் காலநிலையைக் கருதித் தெரிந்தெடுக்கப்பட்டவை. முதன்முதலாகப் பயிரிடுவோர் இவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்குதல் தகும். பிள்ளைகள் பறித்துண்ண விரும்பும் வீடுகளில், கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் செரித் தக்காளி ஒன்றிரண்டு இருக்கட்டும்.

எவ்வினமாயினும் அஞ்ச வேண்டிய பகை வாடல் நோய். நேற்றுப் பசுமையாய் நின்ற செடி இன்று இலை தொங்கி நிற்கும். தண்ணீர் ஊற்றியும் தேறாது. அதன் தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். பால் போன்ற இழை கீழிறங்கினால் அது பற்றீரியாவால் வந்த வாடல். உடனே செடியை வேரோடு அகற்றி எரித்துவிடல் வேண்டும். மார்குளோப் எதிர்த்து நிற்பது பூஞ்சணத்தால் வரும் வாடலையே, பற்றீரியாவை அன்று. ஆகவே உறையில் 'வாடல் நோயைத் தாங்கும்' என்றிருப்பின், எவ்வாடல் எனக் கேட்டறிதல் அவசியம். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியனவும் இந்நோய்க்கு உள்ளாவதால், அவை நின்ற பாத்தியில் தக்காளியை நடலாகாது.

மேற்கூறிய மார்குளோப், ரோமா, திலின, ரி-245 ஆகியன கலப்பினங்கள் அல்ல. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பதால், விதை தாயைப் போன்றே முளைக்கும். நோயின்றி நன்கு காய்த்த செடியில் முற்றப் பழுத்த கனியைப் பறித்து, விதையைச் சாற்றுடன் இரண்டு நாள் புளிக்க வைத்து, கழுவி, நிழலில் உலர்த்துக. மாணவர்களும் இதனை எளிதிற் செய்யலாம். ஆண்டுதோறும் இவ்வாறு தெரிந்து வைப்பின், விதைக்காகக் கடையை நாட வேண்டியதில்லை. நம் முற்றத்துக்கு இசைந்த விதை நம் வீட்டுப் போத்தலிலேயே இருக்கும்.