குடல் அழற்சி நோயில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சமநிலைக் குலைவு

முன்னுரை

குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. உணவும் அயற்பொருளாகவே உட்செல்கிறது. இவற்றைப் பொறுத்துக்கொண்டு நோய்க்கிருமிகளை மட்டும் எதிர்ப்பதே குடல்சார் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பணியாகும். இச்சமநிலை குலைவதால் தோன்றும் நாட்பட்ட அழற்சி, குடல் அழற்சி நோய் எனப்படுகிறது. பெருங்குடலின் உட்படலத்தைத் தாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ், வாய் முதல் மலவாய் வரை எப்பகுதியிலும் குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கவல்ல குரோன் நோய் ஆகியன இதன் முதன்மையான இரு வகைகளாகும்.

அடக்கும் ஆற்றலின் குறைவு

ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-10 உள்ளிட்ட புரதங்களைச் சுரந்து அழற்சியை அடக்குகின்றன. இன்டர்லூக்கின்-10 ஏற்பியின் மரபணுக்களில் பழுதுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி தோன்றுவது 2009இல் கண்டறியப்பட்டது. தூண்டும் ஆற்றல் மிகாத நிலையிலும், அடக்கும் ஆற்றல் குறைந்தால் நோய் தோன்றும் என்பதற்கு இது சான்றாகும்.

உணரும் திறனின் குறைவு

2001இல் குரோன் நோயுடன் தொடர்புடையதென அறியப்பட்ட நோட்2 மரபணு, பாக்டீரியாச் செல்சுவரின் கூறுகளை உணரும் புரதத்தை உருவாக்குகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நோய்வாய்ப்பை மிகுவிக்கும் இதன் மாற்றங்கள் அவ்வுணர்திறனைக் குறைக்கின்றன. எனவே, எதிர்ப்பாற்றலின் மிகை என்று மட்டும் இந்நோயை விளக்க இயலாது.

மருத்துவம் உணர்த்துவது

இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் குரோன் நோயில் பயனளிக்கவில்லை என்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது; சிலருக்கு நோய் மோசமடைந்தது. அப்புரதம் குடலின் மேற்படலத்தைக் காப்பதிலும் பங்கு பெறுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, பலருக்குப் பயனளித்து வருகிறது. ஆனால், காசநோய்க் கிருமிகளை உடலுக்குள் அடைத்துவைக்கும் குருமணிக்கட்டிகள் சிதையாமல் இருப்பதற்கும் டிஎன்எஃப் இன்றியமையாதது.

இந்தியாவில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. குடல் காசநோயும் குரோன் நோயும் பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியையே தாக்குகின்றன. வயிற்றுவலி, காய்ச்சல், எடையிழப்பு ஆகியவை இரண்டிலும் காணப்படுகின்றன. காசநோயைக் குரோன் எனக் கொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கினால் காசநோய் உடலெங்கும் பரவக்கூடும். ஆகவே, டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமாகிறது.

முடிவுரை

அழற்சியைத் தூண்டும் புரதங்களுள் சில காவற்பணியும் ஆற்றுகின்றன. ஆதலின், குடல் அழற்சி நோய்க்கான மருத்துவத்தின் இலக்கு எதிர்ப்பாற்றலை ஒடுக்குவதன்று. குலைந்த சமநிலையை மீட்பதேயாகும்.