ஆலப்புழை: ஒரு சமஸ்தானம் எழுப்பிய வணிக நகரம்

அரபிக்கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த ஆலப்புழை, திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் வணிகத் தேவைக்காகத் திட்டமிட்டு எழுப்பிய நகரமாகும். மார்த்தாண்ட வர்மர் 1746இல் அம்பலப்புழை அரசைத் தம் நாட்டோடு இணைத்தபின், மிளகு விளையும் உள்நாட்டிலிருந்து காயலுக்கு வரும் நீர்வழிகள் பல சமஸ்தானத்தின் கைக்கு வந்தன. ஆயினும் அருகிலிருந்த கொச்சித் துறைமுகம் டச்சுக்காரர் பிடியில் இருந்தமையால், மிளகு விற்பனையை அரசின் தனியுரிமையாக நடத்திய திருவிதாங்கூருக்குச் சொந்தத் துறைமுகம் இன்றியமையாததாயிற்று. அவ்வகையில், தர்மராஜா எனப் போற்றப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மரின் ஆட்சியில், 1762இல் ஆலப்புழைத் துறைமுகம் திறக்கப்பட்டது.

கப்பல்கள் ஒதுங்குவதற்கு இங்கு இயற்கையான குடாவோ ஆற்று முகமோ இல்லை. அக்குறையை ஈடுசெய்தது 'சாகரை' எனப்படும் சேற்றுத்திட்டு ஆகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடலடிச் சேறு கலங்கி நீரில் மிதப்பதால் அலைகளின் வேகம் தணிந்து, பிற கரைகள் கொந்தளிக்கும்போதும் இக்கரையோரக் கடல் அமைதியாக இருக்கும். காயலையும் கடற்கரையையும் இணைப்பதற்காக வெட்டப்பட்ட வாடைக் கால்வாய், வணிகக் கால்வாய் என்னும் இரண்டின் கரைகளிலும் பண்டகசாலைகள் எழுந்தன. கயிற்றால் பலகைகளைப் பிணைத்துக் கட்டிய 'கெட்டுவள்ளம்' என்னும் பெரிய படகுகள் மிளகு, ஏலம், சுக்கு, கொப்பரை ஆகியவற்றை அப்பண்டகசாலைகளின் வாயிலிலேயே இறக்கின. 1789இல் திவானாக, அதாவது முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ராஜா கேசவதாஸ் நகரை விரிவாக்கி, குஜராத், கட்ச் வணிகர்களை வரவழைத்துக் குடியேற்றினார்.

1860இல் மிளகுத் தனியுரிமை நீக்கப்பட்டதும் தனியார் வணிகம் பெருகியது. 1862இல் இரும்புக் கடற்பாலமும் கலங்கரை விளக்கமும் அமைந்தன. அதற்குச் சற்று முன்னர், 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் தொடங்கிய கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை நகரின் முகத்தையே மாற்றியது. தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடித்து நாராக்கி, பெண்கள் ராட்டில் திரித்த கயிறு, தறிகளில் பாயாக நெய்யப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. திருவிதாங்கூரின் தொழிற்சங்க இயக்கமும், 1922இல், இக்கயிற்றுத் தொழிலாளரிடையேதான் வேரூன்றியது.

காயல் முகத்தை ஆழப்படுத்திக் கட்டப்பட்ட கொச்சியின் புதிய துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும், நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குத் தோணியில் சரக்கேற்றிய ஆலப்புழையால் அதனோடு போட்டியிட இயலவில்லை. கப்பல்கள் விலகிச் சென்றாலும் கயிற்றுத் தொழில் நிலைத்தது. அரசின் தேவையால் பிறந்த இந்நகரை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழவைத்தவை அக்கால்வாய்களும் அவற்றின் கரையில் உழைத்த மக்களுமே ஆதலால், அந்நீர்வழிகளைத் தூய்மையாகப் பேணுவதே அதன் வரலாற்றைக் காப்பதில் முதற்கடமையாகும்.