56 வயதில் ‘ரிட்டயர்டு’... அதன்பின் ஆப்பிரிக்காவில் ஒரு புழுவைத் துரத்திய ஜிம்மி கார்ட்டர்!

1980 நவம்பர். அமெரிக்க அதிபர் தேர்தலில் ரொனால்டு ரீகனிடம் படுதோல்வி. அடுத்த ஜனவரியில் வெள்ளை மாளிகையைக் காலி செய்துவிட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சொந்த ஊர் பிளெயின்ஸுக்குத் திரும்பினார் ஜிம்மி கார்ட்டர். அப்போது வயது 56. போதாக்குறைக்கு, வேர்க்கடலை வியாபாரத்தில் 10 லட்சம் டாலர் கடன்!

அரசியல்வாதியாவதற்கு முன்பிருந்தே அவர் சர்ச் ஆள். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1960-களில் வீடு வீடாகப் போய் ஊழியம் செய்திருக்கிறார். அப்போது உடன் வந்த கியூபா பாதிரியார் எலோய் குரூஸ், கடவுள் மீதும், அந்த நேரத்தில் எதிரில் நிற்கும் மனிதர் மீதும் அன்பு இருந்தால் போதும் என்று சொன்னதைக் கார்ட்டர் கடைசிவரை மறக்கவில்லை.

ஓய்வுக் காலத்தில் சேவை என்பது அவர் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல. அம்மா லில்லியன், 68 வயதில் நர்ஸாக நம் மும்பையின் விக்ரோலிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர்!

1982-ல் மனைவி ரோஸலினுடன் சேர்ந்து அட்லாண்டாவில் ‘கார்ட்டர் மையம்’ தொடங்கினார். அது சர்ச் அமைப்பு அல்ல. மதம் பரப்பவும் இல்லை. 1986-ல் அந்த மையம் கையில் எடுத்த பிரச்னைதான் நரம்புச் சிலந்தி.

இந்தப் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். குளத்துத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுடன் புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போய்விடும். சுமார் ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்த புழு காலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால், புழு அங்கேயே குஞ்சுகளைக் கொட்டிவிடும். மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. சின்னக் குச்சியில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். அதற்கே வாரக் கணக்காகும். நடவு, அறுவடை, பள்ளிக்கூடம் எல்லாம் அம்போ.

1986-ல் ஆப்பிரிக்கா, ஆசியாவில் 21 நாடுகளில் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

1988-ல் கார்ட்டர் கானாவுக்குப் போனார். ஒரு கிராமத்தில் இளம்பெண் ஒருத்தி கையில் குழந்தையை ஏந்தி நிற்பதாக நினைத்து அருகில் சென்றார். அது குழந்தையே இல்லை. வீங்கிப்போன தன் மார்பகத்தைத்தான் அவள் தாங்கிப் பிடித்திருந்தாள். அதன் நுனியில் புழு எட்டிப் பார்த்தது. பல பேட்டிகளில் அவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

தீர்வு என்னவோ எளிமையானதுதான். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது, புழு வெளிவரும் காலோடு யாரையும் குளத்தில் இறங்கவிடாமல் தடுப்பது. ஆனால், அதை ஊர் ஊராகச் சொல்ல ஆள் வேண்டுமே? முன்னாள் அதிபர் என்ற அடையாளத்தை அங்கேதான் அவர் பயன்படுத்தினார். கம்பெனிகளிடம் வடிகட்டித் துணி கேட்டு வாங்கினார். நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் யாக்குபு கோவானைக் களத்தில் இறக்கினார். 1995-ல் சூடான் உள்நாட்டுப் போரையே நிறுத்திவைக்கப் பேசினார். கிட்டத்தட்ட ஆறு மாதம் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்த இடைவெளியில் சுகாதார ஊழியர்கள் கிராமங்களுக்குள் நுழைந்தார்கள். ஒரு புழுவுக்காகப் போர்நிறுத்தம்!

இந்தியா 2000-ல் இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

2015-ல் கார்ட்டருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. செய்தியாளர்களைச் சந்தித்தவர், தனக்கு முன்னால் கடைசி நரம்புச் சிலந்தி சாக வேண்டும் என்றார். அது நடக்கவில்லை. 2024 டிசம்பர் 29-ம் தேதி, தன் 100-வது வயதில் அவர் காலமானார். அந்த ஆண்டில் உலகம் முழுக்க இந்த நோய் கண்டவர்கள் வெறும் 15 பேர். எல்லோரும் சாட், தெற்கு சூடான் நாட்டவர்கள்.

இப்போது புழு நாய்களிடமும் தொற்றியிருக்கிறது. சாட் கிராமங்களில் நாய்களைக் கட்டிப்போடச் சொல்லி ஊழியர்கள் இன்னமும் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள்.