பூ வைத்துத் தைத்த சடையும் பதனிட்ட தோலும்

தோல்வேலை பழகத் தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "இரண்டு துண்டுத் தோல் வாங்கினேன். இரண்டையும் நனைத்து, ஒரே அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். ஒன்றில் பூ அழகாகப் பதிந்தது. மற்றதில், காலையில் பார்த்தால் சுவடே இல்லை. என் கைப்பழக்கம் போதவில்லையா?"

கையில் குறையில்லை. முதல் துண்டு பட்டைச் சாற்றில் பதனிட்டது. இரண்டாவது குரோம் உப்பில் பதனிட்டது. கடையில் இரண்டுக்கும் 'ஒரிஜினல் லெதர்' என்றே பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பழகுபவருக்கு ஒரு பயனும் இல்லை.

தோலின் உடம்பு கொலாஜன். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி; மூன்று கால் எடுத்துப் பின்னிய சடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதனிடாத தோல் காய்ந்தால் சிக்குப் பிடித்த கூந்தல்போல இழைகள் ஒட்டி விறைத்துவிடும். ஈரத்திலேயே கிடந்தால் அழுகும். இழைகளுக்கு நடுவே ஒன்றைப் புகுத்தி இந்த இரண்டையும் தடுப்பதுதான் பதனிடுதல்.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் பெரிய மூலக்கூறு. கல்யாணப் பெண்ணின் சடையில் பூ வைத்துத் தைப்பதுபோல, அது இழைகளுக்கிடையே நெருக்கமாக நிறைகிறது. தோலின் எடையில் கால் பங்குகூட டானினாக இருக்கும். பூச்சடை பருக்கும், கனக்கும். டானினைக் கொலாஜனோடு கட்டிவைப்பதில் பெரும்பங்கு ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு. தனித்தனியே பார்த்தால் அவை வலுவற்றவை, தண்ணீர் பட்டதும் நெகிழ்பவை. அழகே அங்குதான். நனைந்த தோலில் அச்சு இறங்கும்போது இழைகள் நகர்ந்து புது இடத்தில் உட்காருகின்றன. ஈரம் வற்ற வற்ற, பிணைப்புகள் அந்த இடத்திலேயே மறுபடி இறுகுகின்றன. ஈரத்தில் வளைத்துவைத்த பூச்சடை, காய்ந்தபின் வளைந்தபடியே நிற்கிறது.

குரோமியமோ சின்ன ஹேர்பின். தோல் எடையில் குரோமியம் ஆக்சைடு நூற்றுக்கு நாலு பங்கு அளவுதான். ஆனால் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளைக் கவ்வினால் விடாது. தண்ணீரால் அந்தப் பிடி தளராது. சடை லேசாகத் துவளும், அழுத்தினால் அமுங்கும், விட்டால் பழையபடி எழும்பும். பட்டைத் தோல் 70 முதல் 85 டிகிரி வெந்நீரில் சுருங்கிவிடும். நல்ல குரோம் தோல் 100 டிகிரியையும் தாங்கும். கைப்பை, மேலாடைக்குக் குரோம். பெல்ட், அச்சுவேலைக்குப் பட்டை.

பட்டைத் தோலையும் நனைத்த கையோடு தட்டாதீர்கள். பஞ்சால் ஒற்றி நனைத்துவிட்டுக் காத்திருங்கள். கறுத்த நிறம் வெளுத்துப் பழைய நிறத்தை நெருங்க வேண்டும். ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். அதுதான் தட்டும் பதம். ஈரத் தோல்மீது இரும்பை வைக்கவே கூடாது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். கடுக்காய் மையின் வேதியியலும் இதுவே.

வரலாறு சுருக்கமாக: 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் குரோம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம்மூர்த் தோல், 'ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர்' என்ற பெயரில் கப்பலேறிக்கொண்டிருந்தது.

இப்போது 'குரோம் இல்லாதது, ஆகவே மாசற்றது' என்று விளம்பரம் வருகிறது. ஏற்க முடியவில்லை. தோல் கெடாமலிருக்க முதலில் போடும் உப்பு இரண்டு முறைக்கும் பொது. பட்டைச் சாற்றுக் கழிவும் எளிதில் மட்காது. பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில், முதலில் போடும் அந்த உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தக் கரையிலுள்ள வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் மாசு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தவர்கள், 'இயற்கை' என்ற முத்திரையைப் பார்த்து மயங்க மாட்டார்கள். இன்னொரு முத்திரையும் அப்படித்தான்: 'வீகன் லெதர்' என்று விற்பதில் பெரும்பகுதி, துணிமேல் பூசிய பிளாஸ்டிக்.

வாங்கும்போது வெட்டுமுனையைப் பாருங்கள். நடுவில் நீலச்சாம்பல் கோடு ஓடினால் அது குரோம். எரித்துச் சாம்பலின் நிறம் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்: எரியும்போது குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். ஓரத்தில் ஒரு துணுக்கை நனைத்து, நகத்தால் கீறி, காயவிட்டுப் பாருங்கள். சுவடு நின்றால் பட்டை, மறைந்தால் குரோம். அது போதும்.