எங்கட ஆளிடம் கணக்குக் கேட்டல்: ஆபிரிக்க அமெரிக்க வாக்காளர்களின் அனுபவம்

உயர்தர வகுப்பில் தமிழ் படிப்பிக்கிறவனுக்கு அமெரிக்க அரசியலோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்த வேலை ஒரு மாணவனின் கட்டுரைக் கொப்பியில் தொடங்கியது.

2011ஆம் ஆண்டு. ‘நான் விரும்பும் தலைவர்’ என்ற தலைப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். வகுப்பில் பாதிப்பேர் பராக் ஒபாமாவை எழுதியிருந்தார்கள். அதில் புதுமையில்லை. 2008 நவம்பரில் அவர் வென்ற நேரம் எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில், சொந்தத்துக்குள்ளே ஒருவர் வென்றதுபோலத்தான் கதைத்தார்கள். பெயரின் நடுவில் இருந்த ‘ஹுசைன்’ அதற்குப் போதுமாக இருந்தது. அவர் கிறிஸ்தவர் என்று தெரிந்தவர்களும் “எண்டாலும் எங்கட ஆள்தான்” என்றார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஒரு மாணவன் மட்டும் மாறி எழுதியிருந்தான். குவாந்தனாமோ சிறையை ஒரு வருடத்துக்குள் மூடவேண்டும் என்று 2009 ஜனவரி 22ஆம் திகதி கையெழுத்து வைத்தவர், இன்னும் அதை மூடவில்லையே, இவரை நான் எப்படி விரும்புவது என்று கேட்டிருந்தான். நடையில் பிழையில்லை, வாதத்திலும் பிழையில்லை. நான் சிவப்புப் பேனையால் ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்று எழுதி, பத்துப் புள்ளிகளைக் குறைத்தேன்.

ஒபாமா 2017 ஜனவரியில் பதவியை விட்டுப் போனபோது அந்தச் சிறையில் 41 பேர் இருந்தார்கள். பெயரில் ஒரு சொல் ஒத்துப்போனதற்கே ஒரு பிள்ளையின் நியாயமான கேள்வியை நான் வெட்டினேன் என்றால், வாக்குரிமை கேட்டதற்காக அடிவாங்கிய பரம்பரையில் வந்தவர்கள் தங்கள் நிறத்து ஜனாதிபதியிடம் எப்படிக் கணக்குக் கேட்டிருப்பார்கள்? அதை அறியத்தான் அந்த மக்களின் தேர்தல் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் முக்கியமானவற்றை இங்கே தருகிறேன்.

நிறத்துக்கு விழுந்த வாக்கா?

2008இல் கறுப்பின வாக்குகளில் ஏறக்குறைய 95 வீதம் ஒபாமாவுக்கு விழுந்தது. இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு பிள்ளையாவது “அது இனவாதம்தானே ஸேர்?” என்று கேட்கும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் எண்களையும் பார்க்கவேண்டும். 2000இல் அல் கோருக்கு 90 வீதமும் 2004இல் ஜோன் கெரிக்கு 88 வீதமும் கிடைத்தன. இருவரும் வெள்ளையர், இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர். 2006இல் மேரிலாந்து மாநிலத்தில் செனட் தேர்தலுக்கு மைக்கல் ஸ்டீல் என்ற கறுப்பினத்தவரைக் குடியரசுக் கட்சி நிறுத்தியது. கறுப்பின வாக்குகளில் பெரும்பகுதி அவருக்கு எதிராக நின்ற வெள்ளையரான பென் கார்டினுக்கே போனது.

ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து அவர்கள் வாக்களித்தார்கள் என்பது சரியில்லை. அவர்கள் கட்சி மாறிய வரலாறும் அதைத்தான் சொல்கிறது. அடிமைமுறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் கட்சி என்பதால் பல தசாப்தங்களாகக் குடியரசுக் கட்சியோடுதான் இருந்தார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் வந்தபோது பெரும்பான்மையினர் மாறினார்கள். 1960இலும் கறுப்பின வாக்குகளில் மூன்றில் ஒரு பங்களவு குடியரசுக் கட்சியின் நிக்ஸனுக்குக் கிடைத்தது. 1964இல் அதே கட்சி, சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த பரி கோல்ட்வோட்டரை நிறுத்தியது. அந்தப் பங்கு 6 வீதமாக விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்சி அவர்களிடம் திரும்பப் பெற்றது கொஞ்சமே.

இப்படி ஒரு கட்சிக்குள்ளேயே ஒரு சமூகம் நின்றுவிட்டால் என்ன நடக்கும்? போல் ஃப்ரைமர் என்ற அரசியல் அறிஞர் 1999இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஒரு கட்சி “இவங்க வேற எங்க போவாங்க” என்று இருந்துவிடும். மற்றக் கட்சி “இவங்க எப்படியும் நமக்குப் போடமாட்டாங்க” என்று வராமலே விடும். வாக்கு இருக்கும், பேரம் பேசும் பலம் இருக்காது.

பெருமைக்கு இருந்த நியாயம்

அந்த மக்களின் பெருமையை இலேசாக எடைபோடக் கூடாது. அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1870இலேயே கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. தென் மாநிலங்கள் அதைத் தேர்தல் வரி, எழுத்தறிவுப் பரீட்சை, பச்சையான அடிதடி என்று பல வழிகளில் பறித்தன.

ஃபனி லூ ஹேமர் என்ற பெண்ணின் கதை இதற்குச் சாட்சி. மிஸிஸிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்தில் சுமார் 18 வருடங்கள் வேலை செய்தவர். 1962 ஓகஸ்டில் வாக்காளர் இடாப்பில் பெயர் பதியப் போனார். பதியவும் விடவில்லை, அன்றைக்கே தோட்டத்திலிருந்தும் வெளியேற்றினார்கள். அடுத்த வருடம் வைனோனா என்ற ஊரின் சிறையில் அவரை அடித்த அடியின் பாதிப்பு சாகும்வரை இருந்தது. 1965 மார்ச் 7ஆம் திகதி அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் பொலிஸார் பாலத்தில் வைத்துத் தாக்கினார்கள். பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினரான ஜோன் லூயிஸின் மண்டை உடைந்தது அன்றுதான்.

அந்த ஓகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன்னர் மிஸிஸிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் பதிவு பெற்றிருந்தவர்கள் 7 வீதத்துக்கும் குறைவு. 1967இல் அது 60 வீதத்தை எட்டியது. அந்தச் சட்டம் வந்து 43 வருடங்களில் ஒரு கறுப்பினத்தவர் ஜனாதிபதியாகிறார். செல்மாவில் அடிவாங்கியவர்களில் பலர் அதைக் கண்ணால் கண்டார்கள். அவர்கள் அழுததைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை.

இந்த மனநிலையை மைக்கல் டோசன் என்ற அறிஞர் 1994இல் ஆராய்ந்தார். என் சமூகத்துக்கு நடப்பதே எனக்கும் நடக்கும் என்ற உணர்வோடு ஒரு கறுப்பின வாக்காளர் தன் நலனைச் சமூக நலனை வைத்தே அளக்கிறார் என்பது அவர் கண்டது. தனித்தனியாக மிதிபடாமல் கூட்டமாகவே மிதிபட்ட மக்கள் கூட்டமாக யோசிப்பது இயல்பு. சிறுபான்மையாக வாழும் நமக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கேள்வி எங்கே அடைபட்டது?

சிக்கல் வெற்றிக்குப் பிறகு வருகிறது. 2010 மார்ச்சில் கறுப்பினத்தவரின் வேலையின்மை வீதம் 16.8. அடுத்த வருடமும் அது 16ஐச் சுற்றியே நின்றது. வெள்ளையரிடையே அதன் பாதியளவுதான்.

2011 ஓகஸ்டில் டெட்ரொய்ட் நகரில் நடந்த கூட்டத்தில் காங்கிரஸ் உறுப்பினர் மக்ஸின் வோட்டர்ஸ் மக்களிடம் மனம் திறந்தார். நாங்கள் ஜனாதிபதியைக் கடுமையாகச் சாடினால் நீங்கள் எங்கள்மேல் பாய்வீர்கள், கேள்வி கேட்க நீங்கள் எங்களை அவிழ்த்துவிடவேண்டும் என்ற பொருளில் பேசினார். காங்கிரஸில் கறுப்பின உறுப்பினர் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்த இமானுவல் கிளீவர் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார். இதே நிலைமையில் பில் கிளின்டன் ஜனாதிபதியாக இருந்திருந்தால் நாங்கள் வெள்ளை மாளிகைக்கு ஊர்வலம் போயிருப்போம் என்றார். வெள்ளையர் என்றால் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை, எங்கட ஆள் என்பதற்காகக் கேட்காமல் இருந்தார்கள்.

அந்தச் செப்டெம்பரில் அதே குழுவின் இராப்போசன விருந்தில் ஒபாமா, வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஊர்வலச் சப்பாத்தைப் போடுங்கள், முறைப்பாடு சொல்வதை நிறுத்துங்கள் என்றார். மற்றச் சமூகங்களிடம் அவர் இப்படிப் பேசவில்லையே என்று வோட்டர்ஸ் கேட்டார்.

வெளியிலிருந்து கேட்டவர்களுக்கு இன்னும் மோசம். டேவிஸ் ஸ்மைலி என்ற ஒலிபரப்பாளர் 2008 தேர்தல் காலத்திலேயே ஒபாமா கறுப்பின மக்களுக்கு என்ன செய்வார் என்று கேட்கத் தொடங்கினார். நேயர்களின் கோபம் தாங்காமல் அந்த ஏப்ரலில், கறுப்பின மக்கள் அதிகம் கேட்ட ஒரு வானொலி நிகழ்ச்சியிலிருந்து விலகினார்.

மறுபக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவே இல்லை என்று ஒரு கூட்டம் கிளப்பிய வதந்திக்கு, 2011 ஏப்ரலில் அவர் தன் பிறப்புச் சான்றிதழையே வெளியிடவேண்டி வந்தது. அப்படிப்பட்ட எதிரிகள் சூழ்ந்திருக்கும்போது நாமும் கல்லெறிவதா என்று அந்த மக்கள் யோசித்தார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதும் பொய். 2010இன் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தால் கறுப்பின ஏழைகள் பலர் பயனடைந்தார்கள். கறுப்பின இளைஞர்களைக் குறிவைத்த போதைப்பொருள் தண்டனையில் இருந்த 100க்கு 1 என்ற அநியாய விகிதம், அதே வருடம் 18க்கு 1 ஆனது. கணக்கு என்றால் வரவையும் எழுதத்தான் வேண்டும்.

நிறம் மட்டும் பார்த்ததன் விலை

இன்னொரு சம்பவம் இதைவிடக் கசப்பானது. 1991இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசர் தேர்கூட் மார்ஷல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குக் கிளாரன்ஸ் தோமஸ் என்ற கறுப்பினத்தவரையே ஜனாதிபதி புஷ் நியமித்தார். சிவில் உரிமைகளில் அவருடைய கருத்துகள் மார்ஷலுக்கு நேர்மாறானவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. எதிர்த்தது. ஆனாலும் வறுமையில் வளர்ந்த நம் பிள்ளை, பதவிக்கு வந்தால் திருந்துவார் என்று பலர் நம்பினார்கள். கவிஞர் மாயா ஆஞ்சலோகூட ஆதரித்து எழுதினார். செனட் சபை 52க்கு 48 என்று அவரை ஏற்றது.

2013 ஜூன் 25ஆம் திகதி அதே நீதிமன்றம், செல்மாவின் இரத்தத்தில் பிறந்த வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பாதுகாப்பை 5க்கு 4 என்று செயலிழக்கச் செய்தது. இனப்பாகுபாட்டு வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றமுன் மத்திய அரசிடம் அனுமதி பெறவேண்டும் என்ற ஏற்பாடு அது. அந்த ஐந்து பேரில் தோமஸும் ஒருவர். தீர்ப்பு போதாது, இன்னும் ஒரு பிரிவையும் நீக்கவேண்டும் என்று தனியாக எழுதியும் வைத்தார். டெக்ஸாஸ் மாநிலம் தடுக்கப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை அன்றே அமுலாக்கப்போவதாக அறிவித்தது.

கொப்பி வைத்திருந்தவர்கள்

கணக்குக் கேட்ட ஒரு மரபும் அந்த மக்களிடம் உண்டு. 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மிஸிஸிப்பி வெள்ளையர்களை மட்டும் அனுப்பியது. ஹேமரும் தோழர்களும் தனிக் குழுவாகப் போய் நியாயம் கேட்டார்கள். கட்சி இரண்டு ஆசனம் தருவதாகச் சொன்னது. இரண்டு ஆசனத்துக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அதே வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி, ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர், கிளீவ்லாந்து நகரில் பேசிய மல்கம் எக்ஸின் வாதமும் இதுதான். நீங்கள் முதலிடம் கொடுத்த கட்சி உங்களைக் கடைசியில் வைத்திருக்கிறது என்று அவர் தன் மக்களிடமே சொன்னார்.

1971இல் காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர்கள் 13 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஜனாதிபதி நிக்ஸன் சந்திக்க மறுத்தபடியால் அவருடைய வருடாந்த உரையைப் பகிஷ்கரித்தார்கள். மார்ச்சில் சந்திப்புக் கிடைத்தபோது 60 கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்தார்கள். நிரந்தர நண்பனுமில்லை, நிரந்தர எதிரியுமில்லை, நலன்தான் நிரந்தரம் என்பதே அவர்களின் கொள்கை.

2020 பெப்ரவரியில் தென் கரோலைனாவின் ஜிம் கிளைபேர்ன் இதை இன்னொரு விதமாகச் செய்தார். உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று ஜோ பைடனைப் பகிரங்கமாகச் சொல்லவைத்தார். சொன்ன மறுநாள் தன் ஆதரவை அறிவித்தார். 2022இல் கெட்டான்ஜி பிரவுன் ஜக்ஸன் நீதியரசரானார். ஆனால் ஜோன் லூயிஸின் பெயரால் கொண்டுவந்த வாக்குரிமைச் சட்டமூலம் அதே வருட ஜனவரியில் செனட் சபையில் முடங்கிப்போனது. ஆள் வந்தார், சட்டம் வரவில்லை. அந்தப் பக்கம் இன்னும் தீராத கடனாகவே கிடக்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான சில விடயங்கள் உண்டு. வாக்குப் போடும் முன்னரே கேட்டார்கள். “சமூகத்துக்கு நல்லது செய்யுங்கோ” என்று பொதுவாகக் கேட்காமல் இன்னது என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். கேட்டதை எல்லோரும் அறியச் செய்தார்கள்.

என் வாப்பா ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். கடன் கொப்பியில் மாமாவுக்கும் ஒரு பக்கம் இருந்தது. “மாமாட்டயும் கணக்கா வாப்பா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேற மகன்” என்பார். மாமா பெருநாளைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அந்தக் கொப்பியால் ஒருநாளும் உறவு கெட்டதில்லை.

குவாந்தனாமோவைப் பற்றிக் கேட்ட மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இதை வாசித்தால் அந்தப் பத்துப் புள்ளிகளும் அவனுடையவைதான் என்று அறிந்துகொள்ளட்டும். இப்போதும் அதே தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்கிறேன். அதற்குக் கீழே ‘அவரிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி’ என்று இன்னொரு வரியும் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்.